சதுரங்கம் பழகுவோம்

சதுரங்கப் பலகையைக் கண்டவுடன், "இதுவும் சூதாட்டந்தானே?" என்று முகஞ்சுளிக்கும் பெற்றோர் தோட்டப்புறங்களில் இன்றும் உளர். அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. சூதினால் குடிகெட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருவள்ளுவப் பெருந்தகையும் சூதின் தீமையைக் கூற ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆயினும், தாயம் உருட்டுபவனுக்கு அடுத்து என்ன விழும் என்பது தெரியாது. சதுரங்கத்திலோ மறைவு என்பதே இல்லை. இருவருடைய காய்களும் இருவர் கண்முன்னும் நிற்கின்றன. தோற்றவன் அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட இயலாது. நம் பாட்டன்மார் மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் வைத்து ஆடிய ஆடுபுலி ஆட்டம் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பணத்தைப் பந்தயமாக வைத்தால் எவ்விளையாட்டும் சூதாகிவிடும் என்பது வேறு செய்தி. அதனை நம் பள்ளி வளாகத்தில் ஒருபோதும் அனுமதியோம்.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவில் வழங்கிய இவ்வாட்டம், யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் 'சதுரங்கம்' எனப்பட்டது. அங்கிருந்து பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. மலாய் மொழியில் இதனைச் 'சாத்துர்' என்பதும் அவ்வடசொல்லின் வழிவந்ததே. ஒரு வேடிக்கை: நம் வீடுகளில் மூலையில் நிற்கும் காயை 'யானை' என்போர் பலர், மலாய் நண்பர்களோ அரசனுக்கும் அரசிக்கும் அருகில் நிற்கும் காயைத்தான் 'காஜா', அதாவது யானை என்பர். பலவினப் பிள்ளைகள் கூடும் போட்டிக்குச் செல்லும் நம் மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று. இக்கட்டுரையில் மூலைக்காயைக் கோட்டை என்றே குறிப்போம்.

மாணவச் செல்வங்களே! பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. உங்கள் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் அமையுமாறு பலகையை வையுங்கள். ஒவ்வொருவருக்கும் 16 காய்கள். மூலைகளில் கோட்டை, அடுத்துக் குதிரை, அதனையடுத்து மந்திரி, நடுவில் அரசனும் அரசியும். வெள்ளை அரசி வெள்ளைக் கட்டத்திலும் கறுப்பு அரசி கறுப்புக் கட்டத்திலும் நிற்பர். முன்வரிசையில் எட்டுக் காலாட்கள். கோட்டை நேராகவும் மந்திரி மூலைவாட்டிலும் செல்லும். அரசி இவ்விரு வழியிலும் செல்வாள். அரசனுக்கு எத்திசையிலும் ஒரே கட்டந்தான். குதிரை இரண்டு கட்டம் நேராகச் சென்று ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும். இடையில் நிற்பவரைத் தாண்டும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. காலாள் முன்னோக்கியே நடப்பான். முதல் நடையில் வேண்டுமானால் இரண்டு கட்டம் வைக்கலாம். வெட்டும்போது மட்டும் மூலைவாட்டில் வெட்டுவான். எதிர்க்கோடியை எட்டிவிட்டால் அவனே அரசியாகலாம்! ஏனைய விதிகளைப் பலகையின்முன் அமர்ந்து கற்றலே எளிது.

எதிரியின் அரசனைத் தாக்கினால் 'செக்'. தப்ப வழியே இல்லையெனில் ஆட்டம் முடிந்தது. ஆனால் இளம் ஆட்டக்காரர் பலர் இங்கேதான் இடறுவர். எதிரியிடம் அரசன் மட்டும் தனியே பலகையின் மூலைக்கட்டத்தில் நிற்கிறான் என்று கொள்வோம். அவனிடமிருந்து ஒரு குதிரைத் தாவல் தொலைவில் உங்கள் அரசியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். அவனுக்குச் செக்கும் இல்லை. நகர ஓர் இடமும் இல்லை. அவன் முறை வந்ததும் ஆட்டம் சமநிலையில் முடிந்துவிடும்! பலகை நிறையக் காய்களை வைத்திருந்தும், எதிரிக்கு என்ன மீதமிருக்கிறது என்று பாராதவன் வெற்றியை இழக்கிறான். நம் கருத்தில் சதுரங்கம் கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே. தன் எண்ணத்தை மட்டுமன்றி, எதிரே அமர்ந்திருப்பவன் எண்ணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'நாலே நடையில் வெற்றி' என்று மாணவர் மகிழ்ந்து ஆடும் உத்தியும் அத்தகையதே. அரசன் பக்கத்து மந்திரிக்கு முன் நிற்கும் காலாளுக்குத் தொடக்கத்தில் அரசன் ஒருவனே காவல். அரசியும் மந்திரியும் சேர்ந்து அவனைக் குறிவைத்தால், அறியாதவன் வீழ்வான். அறிந்தவனோ அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் முன்வைத்து அரசியின் வழியை அடைப்பான். அரசி ஓட நேரும். எதிரி அறியாதவன் என்று நம்பி வகுத்த திட்டம், அறிந்தவனிடம் பலிப்பதில்லை.

போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. கைக்கு முன் கண்ணும் கருத்தும் செல்லவேண்டும். 2024 டிசம்பர் 12ஆம் நாள், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் உலகமே இதனைக் கண்டது. உலக வெற்றியாளர் பட்டத்துக்கான 14ஆவது, இறுதி ஆட்டம். சீனாவின் டிங் லிரெனும் சென்னையின் குகேஷும் சமப்புள்ளியில் இருந்தனர். அவ்வாட்டமும் சமநிலையில் முடியும் என்றே பலர் எண்ணியிருந்தனர். 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதனைக் கண்டுகொண்டார். கோட்டைக்குக் கோட்டை, மந்திரிக்கு மந்திரி என மாற்றிக்கொள்ள, காலாட்களின் பலத்தால் வெற்றி அவர் வசமாயிற்று. 18 வயதில் உலகப் பட்டம்! அவருக்கு முன்னர் அப்பட்டத்தைப் பன்முறை வென்ற விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அன்னையார். தாய்மார்களே, இதனைக் கவனியுங்கள்.

"சதுரங்கம் ஆடினால் கணிதத்தில் மதிப்பெண் கூடுமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். கூடும் என்று உறுதிகூற இயலாது. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சதுரங்கம் பயின்றோருக்கும் பயிலாதோருக்கும் கணிதத் தேர்ச்சியில் வேறுபாடு காணவில்லை. ஆகவே, மதிப்பெண் கூடும் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளுக்கு, வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைக் கொட்டவேண்டா. வாய்பாட்டை மனனம் செய்தே தீரவேண்டும். சதுரங்கத்தின் பயன் வேறு. மாணவர் தொகை குறைந்த தோட்டப் பள்ளியில் பதினொருவரைத் திரட்டிக் காற்பந்துக் குழு அமைப்பதே கடினம். இதற்கு இருவர் போதும். ஐந்தாம் ஆண்டு மாணவனை மூன்றாம் ஆண்டு மாணவி வெல்லலாம். பட்டணத்துப் பிள்ளைக்கும் அதே 16 காய்கள்தாம்!

குறைகளும் உண்டு. நெடுநேரம் குனிந்து அமர்ந்தால் உடல் சோரும். மாலையில் திடலில் ஓடாத பிள்ளைக்குப் பலகையைக் கொடாதீர்கள். கைப்பேசியில் முகமறியாதவருடன் ஒரு நிமிட ஆட்டம் ஆடுவதை நாம் சற்றும் விரும்பவில்லை. அது சிந்தனையை வளர்ப்பதன்று. விரலின் வேகத்தையே வளர்ப்பது. தோற்றவனை ஏளனம் செய்யும் பழக்கமும் சிலரிடம் தலைதூக்குகிறது. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்காதவனுக்கு மறுநாள் பலகை கிடையாது. ஓயாமல் தோற்கும் குழந்தையை அதற்கு ஒத்த திறமுடையவரோடு ஆடவிடுக. குகேஷைப்போல் ஆக்குவேன் என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த எண்ணும் தந்தையர் ஒன்றை அறியவேண்டும்: அவருடைய தந்தையார் மருத்துவர், தம் தொழிலை நிறுத்திவைத்து மகனோடு நாடு நாடாகச் சென்றவர். அது எல்லாருக்கும் இயலுவதன்று.

பலகை வாங்க வசதி இல்லையெனில் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, அடிக்கோலால் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் வரைந்து வண்ணம் தீட்டுக. 32 போத்தல் மூடிகளின்மேல் காய்களின் பெயர்களை எழுதி ஒட்டினால் ஆட்டம் ஆயத்தம்.

விடுமுறைக்கு ஒரு பயிற்சி: கறுப்பு அரசன் தனியே பலகையின் நடுவில் நிற்கட்டும். உங்களிடம் வெள்ளை அரசனும் இரு கோட்டைகளும் உள்ளன. உங்கள் அரசனை அசைக்காமல், கோட்டைகள் இரண்டை மட்டும் மாறி மாறி நகர்த்தி, கறுப்பு அரசனை ஓரத்துக்குத் துரத்தி ஆட்டத்தை முடிக்கவேண்டும். கோட்டையை அவன் வெட்டிவிட நெருங்கினால் எப்பக்கம் ஓடுவது என்பதையும் கண்டுபிடியுங்கள். விடையைத் தாளில் எழுதவேண்டா. பள்ளி திறந்ததும் பலகையில் ஆடிக் காட்டுங்கள்.