ஒன்பது எம்.எம். கேட்டு வருகிறவர்களுக்கு

“துப்பாக்கின்னா 9 எம்.எம். தாங்க வக்கீல் சார். .32 எல்லாம் பட்டாசு. சுட்டா ஆள் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.” இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஃபைனான்ஸ் நடத்துகிறவர் சொல்கிறார், அடகுக்கடைக்காரர் சொல்கிறார், பெட்ரோல் பங்க் முதலாளி சொல்கிறார். கைத்துப்பாக்கி உரிமத்துக்கு மனு எழுத வருகிற பாதிப் பேர் முதலில் கேட்பது குண்டின் அளவைப் பற்றித்தான். யாரோ பென்னாகரத்தில் சொன்னானாம், யாரோ ஓசூரில் சொன்னானாம். தருமபுரி நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகளும் ஆயுத உரிம மனுக்களும் நடத்துகிறவன் என்ற முறையில் இதற்கு ஒருமுறை முழுதாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 9 எம்.எம். உங்களுக்குக் கிடைக்காது. கலெக்டர் மனது வைத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் அதைத் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை இரண்டு கூறாகப் பிரிக்கின்றன: தடை செய்யப்பட்ட ரகம், தடை செய்யப்படாத ரகம். படை பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டாவையோ .45 தோட்டாவையோ .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ போட்டுச் சுட முடிகிற எந்தக் கைத்துப்பாக்கியும் முதல் கூறில் அடங்கும். அதற்கான உரிமம் டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. பயங்கரவாதிகளால் கடுமையான, உடனடியான உயிராபத்து இருப்பவர்கள் போன்ற சிலருக்கே அது பரிசீலிக்கப்படும். வட்டிக் கடையில் கல்லாவைப் பூட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இந்தத் தடையே பலருக்குத் தப்பான முடிவைத் தருகிறது. “அரசாங்கமே தடை போட்டிருக்குன்னா அதுக்கு எவ்வளவு பவர் இருக்கணும்!” இல்லை. தடைக்கும் வலுவுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. .357 மேக்னம் ரிவால்வர் 9 எம்.எம்.மை விட வேகமும் அடியும் கூடியது. அது தடைப் பட்டியலில் இல்லை. படையின் தோட்டாவைப் போட முடியுமா என்பது மட்டுமே அந்த விதியின் கேள்வி. உடம்பில் என்ன சேதம் செய்யும் என்பதை அது கேட்கவே இல்லை.

அடுத்த வதந்தி இன்னும் மோசம். “டெல்லியில ஆள் இருக்கு, லைசென்ஸ் வாங்கித் தர்றேன்” என்று ஒருவன் வருவான். அல்லது “வடக்கேயிருந்து பொருளே வரும், லைசென்ஸ் எதுக்கு?” என்பான். இதை நம்பி இறங்குகிறவர்கள் தண்டனைக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்படாத ரகத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அதே ஆள், அதே இடுப்பு, ஆனால் உள்ளே 9 எம்.எம். தோட்டா போகிற துப்பாக்கி என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை. பட்டறையில் அடித்த கள்ளத் துப்பாக்கியாக இருந்தாலும் படைத் தோட்டாவைச் சுட முடிந்தால் அதே கதிதான். நீங்கள் பெருமையாகத் தேடிப்போன அந்த எண்ணே உங்கள் தண்டனையை மும்மடங்கு ஆக்குகிறது. ஜாமீனுக்கு அலையும் மனைவியிடம் போய் .32 பட்டாசு என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, சட்டத்தை விடுங்கள். 9 எம்.எம். குண்டு ஆளைத் தூக்கி எறியுமா? எறியாது. சினிமாவில் எறிகிறது, ஏனென்றால் அங்கே கயிறு கட்டி இழுக்கிறார்கள். 9 எம்.எம். குண்டு சுமார் 8 கிராம் எடை, நொடிக்கு சுமார் 350 மீட்டர் வேகம். அது 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் முழுதாக நின்றுபோனால், அந்த உந்தம் அவரை நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்துக்குக்கூட நகர்த்தாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. குண்டுக்கு எதிரே நிற்பவனைத் தூக்கி எறியும் வலு இருந்தால், அதே வலு சுடுகிறவன் கையையும் பின்னால் எறிந்திருக்க வேண்டுமே!

.32 பிஸ்டல் குண்டு 4.6 கிராம், வேகம் நொடிக்கு 270, 280 மீட்டர். ஆற்றலில் 9 எம்.எம். ஏறத்தாழ மூன்று மடங்கு, ஆழமாகவும் ஊடுருவும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மடங்கு ஆற்றல் மூன்று மடங்கு வேகமாக ஆளைச் சாய்க்கும் என்று நினைப்பதுதான் மூடநம்பிக்கை. இரண்டு குண்டுகளையும் பக்கத்தில் வைத்து அளந்தால் குறுக்களவில் வித்தியாசம் சுமார் 1.1 மில்லிமீட்டர். நுழைவுக் காயத்தைப் பார்த்த அரசு மருத்துவர், நீளம் அகலம் எல்லாம் அளந்து எழுதுவார். எந்த அளவுக் குண்டு என்று மட்டும் அந்தக் காயத்தை வைத்து உறுதியாகச் சொல்லமாட்டார். சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்காது. தோல் இழுபட்டுச் சுருங்கும். அதனால் துளை குண்டை விடச் சிறிதாகவும் தெரியலாம். உடம்பிலிருந்து எடுத்த குண்டு சென்னை மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போய் அறிக்கை வந்த பிறகே அளவு உறுதியாகும். அளவுகோல் பிடித்த மருத்துவருக்கே தெரியாத வித்தியாசம், உங்கள் மீது கத்தியோடு பாய்கிறவனுக்கு அந்த நொடியில் தெரிந்துவிடுமா?

ஆள் உடனே விழ வேண்டுமென்றால் மூளையோ முதுகுத்தண்டின் மேல்பகுதியோ சேதப்பட வேண்டும். மற்றதெல்லாம் இரத்தம் இறங்கி, மயக்கம் வந்து, பிறகு விழுவது. இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஒருவன் 10, 15 நொடி முழு நினைவோடு செயல்பட முடியும் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1989இலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுத வைத்த சம்பவம் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரிகளோடு மோதிய கொள்ளையர் இருவரில் ஒருவன் கையையும் மார்பையும் துளைத்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றது ஒரு குண்டு. அதற்குப் பிறகும் அவன் சண்டையிட்டான். இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்தக் குண்டு என்ன தெரியுமா? 9 எம்.எம். அன்றைக்கு அமெரிக்கப் போலீஸ்காரர்கள் 9 எம்.எம்.மைப் பார்த்துச் சொன்னது, இன்றைக்கு நீங்கள் .32ஐப் பார்த்துச் சொல்வதுதான். அதை விட்டு 10 எம்.எம். போனார்கள், .40 போனார்கள், கடைசியில் 2015 வாக்கில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பியது. பெரிய குண்டு உதைக்கிற உதையில் குறி தவறுகிறது, சின்னக் குண்டில் அதிகம் பேர் சரியாகச் சுடுகிறார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைக் கைக்கெட்டும் தூரத்தில் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். ராதா 1979 வரை இருந்தார், எம்.ஜி.ஆர். 1987 வரை இருந்தார். காது, கழுத்து, நெற்றி என்று கொடிய இடங்களில், அதுவும் அத்தனை நெருக்கத்தில் சுட்டே இப்படியென்றால், குண்டின் அளவை வைத்து முடிவைச் சொல்ல முடியும் என்கிறவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

“காந்தியைக் கொன்னது 9 எம்.எம்.” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 1948இல் கோட்சே கையில் இருந்த பெரெட்டா சுட்டது 9 எம்.எம். குட்டைத் தோட்டா. படை பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டா வேறு, அது வேறு; வலுவும் குறைவு. ஒரு முதியவரின் மீது மிக அருகிலிருந்து மூன்று குண்டு பாய்ந்தது. எண் ஒன்றாக இருப்பதால் தோட்டா ஒன்றாகிவிடாது என்பது கூடத் தெரியாமல் துப்பாக்கி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

பாப்பாரப்பட்டி பக்கத்தில் 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுடப்பட்டதிலிருந்து நம் மாவட்டத்தில் ஆளுக்காள் துப்பாக்கி நிபுணர்கள். காட்டில் அதிரடிப் படை தூக்கிய நீளத் துப்பாக்கிகளின் கதையைக் கேட்டுவிட்டு, அதே பாடத்தை இடுப்பில் சொருகும் கைத்துப்பாக்கிக்குப் பொருத்துகிறார்கள். ரைஃபிள் குண்டின் வேகம் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் குண்டைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவே கூடாது.

ஆகவே உயிராபத்து உண்மையில் இருந்து, உரிமமும் கிடைத்தால், .32 போதும். அரசு ஆலைகள் செய்யும் .32 ரிவால்வரும் பிஸ்டலும் சட்டப்படி வாங்கலாம். எனக்கு அபிப்பிராயம் கேட்டால் ரிவால்வர் என்பேன். தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் சிக்கிய தோட்டாவை எடுக்கப் பதற்றத்தில் இரண்டு கையும் பழக்கமும் வேண்டும். பழக்கம் எங்கே? உரிமம் வாங்கியவர்களில் பலர் வாங்கிய நாளிலிருந்து ஒரு தோட்டாகூடச் சுடாமல் பீரோவில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். விதிப்படி பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அதை மட்டும் வாங்கி இணைத்துவிடுகிறார்கள். சுடத் தெரியாதவன் கையில் .32ம் ஒன்றுதான், பீரங்கியும் ஒன்றுதான்.

தினமும் இடுப்பில் வைத்துத் திரிவதா? உரிம நிபந்தனைகளைப் படித்தீர்களா? திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி எதற்கும் எடுத்துப் போகக் கூடாது. மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போகிறவரும் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவரும் அதை வீட்டிலே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சுட்டுவிட்டால் அடுத்த கதை தொடங்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்தால் அந்த உரிமை போய்விடும், போலீசைக் கூப்பிட நேரமிருந்தால் உரிமையே இல்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால், குண்டு .32ஆ 9ஆ என்று நீதிபதி கேட்கப்போவதில்லை.

மற்ற சில பேச்சுகள். தாத்தா பெயரில் உரிமம் இருந்தால் பேரனுக்குத் தானாக வராது. அவர் இறந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வாரிசு தனியாக மனு போட வேண்டும். உரிமத்தில் எல்லை எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் நீங்கள் குற்றவாளி. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது சந்தோஷம் அல்ல, 2 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். சின்ன ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை, அதை வைத்து மயிலையும் முயலையும் சுடலாம் என்பது பொய்.

கடைசியாக, இந்த மாவட்டத்தில் எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். 9 எம்.எம். பேசுகிற பணக்காரரை விடுங்கள். பாலக்கோடு, பென்னாகரம், மாரண்டஅள்ளி வட்டாரத்தில் காட்டோரம் நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி நாட்டுத் துப்பாக்கி வழக்கில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார். குழாயில் கரி மருந்தைக் கிட்டித்து பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுகிற சாதனம். பட்டறையில் அதைச் செய்து கொடுத்தவனுக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. வைத்திருந்தவருக்குக் குறைந்தது 2 ஆண்டு. இத்தனைக்கும் ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்காக வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. இது அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. அந்த உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி வந்துவிடாது, அது வேறு சட்டம். 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள்ளே ஒன்றும் செய்யக் கூடாது. காட்டுக்கு மிக அருகில் இருக்கிற, அதிகம் இழக்கிற விவசாயிக்கு இதில் ஒன்றுமே இல்லை.

அவர் என்ன செய்கிறார்? வேலியில் கரண்ட் விடுகிறார். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் மூன்று பெண் யானைகள் அப்படித்தான் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார். கொடுமைதான், நியாயப்படுத்த முடியாது. ஆனால் பயிர் இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கையில் வந்தால், சூரிய சக்தி வேலிக்கு மானியம் அலையவிடாமல் கிடைத்தால், அந்தக் கம்பியும் அந்தக் கள்ளத் துப்பாக்கியும் பாதிக்கு மேல் தேவைப்படாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பன்றியோ யானையோ இறங்கிய மறுநாள் காலையிலேயே சேதத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, தேதியிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீது இருந்தால், இழப்பீடு இழுபறியாகும்போது நான் உங்களுக்காக வாதாட முடியும்.