ஆயிரத்தைக் கடந்த ஆட்டம்

பச்சைக் கம்பளித்துணி போர்த்திய நீண்ட மேசை. அதன்மேல் மூன்றே பந்துகள். இதுவே பில்லியர்ட்ஸ். கோலால் அடித்த பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 2 புள்ளிகள். சிவப்புப் பந்தைக் குழியில் வீழ்த்தினால் 3. புள்ளி பெறுமளவும் ஒருவரே தொடர்ந்து ஆடலாம். ஓரடி பிழைத்தால் முறை மற்றவருக்குப் போய்விடும்.

1978-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் பம்பாய் மைக்கேல் ஃபெரைரா இவ்வாறு தொடர்ந்தாடி 1,149 புள்ளிகள் குவித்தார். தொழில்முறை சாராத ஆட்டக்காரருள் ஆயிரத்தைக் கடந்த முதல்வர் அவரே. 1992-இல் உலகத் தொழில்முறைப் போட்டியில் கீத் சேத்தி 1,276-ஐ எட்டினார். அடிக்கு மூன்று புள்ளி என்றே கொண்டாலும் அவை 426 அடிகள்!

இதற்குத் தோள்வலி வேண்டுவதில்லை. அடித்தபின் பந்துகள் எங்கே வந்து நிற்கும் என முன்னரே கணிக்கும் கண் வேண்டும். அவை சற்றே விலகி நின்றாலும் அடுத்த அடி அரிதாகிவிடும். எதிராட்டக்காரரோ நாற்காலியில் வாளா அமர்ந்திருப்பார். ஆடுபவர் பிழைக்கும்வரை அவர் செய்யக்கூடியது யாதும் இல்லை.