கியாம்பாங்குக்கு மருந்து அடிப்பதற்கு முன்

அக்டோபர் பிற்பகல் இடி தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மார்ச் வரை விடாது. பாசிர் கூடாங், மாசாய், கோங் கோங் பக்கம் மீன்குளம் வைத்திருப்பவர்கள் களை வேலையை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். குளம் வழிந்தால் களையோடு அடித்த மருந்தும் வெளியே போகும். அது சேருமிடம் சுங்கை கிம் கிம்மாகவோ சுங்கை கோங் கோங்காகவோ இருக்கலாம். அதற்கப்பால் ஜோகூர் நீரிணையும் மீன் கூண்டுகளும். 2019 மார்ச்சில் கிம் கிம்மில் கொட்டிய இரசாயனக் கழிவால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடிய ஊர் இது. ஆற்றில் விட்டது யார் வீட்டுக்கு வரும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் குளத்து நீர் சுங்கை லாயாங் அணைப் பக்கம் வடிகிறதென்றால் மருந்துப் பேச்சே வேண்டாம். நாம் குடிக்கிற தண்ணீர் அது.

கடைக்குப் போய் "அண்ணே, குளத்துக் களைக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று கேட்பதில்தான் பாதித் தப்பும் நடக்கிறது. எந்தக் களை? வெங்காயத் தாமரைக்கு வேலை செய்யும் 2,4-டி, மிதக்கும் களையான கியாம்பாங்கிடம் தோற்றுப்போகும். ஏனென்றால் கியாம்பாங் பெரணி இனம். ஓர் இலையைக் கையில் எடுத்து வெயிலில் பாருங்கள். மேல்புறம் முழுக்க ரோமம், ஒவ்வொன்றின் நுனியும் முட்டை அடிக்கும் கம்பி போல வளைந்து கூடியிருக்கும். தண்ணீர்த் துளி அதன்மேல் உருண்டு ஓடிவிடும், மருந்தும் அப்படியே. ஒட்டும் திரவம் கலக்காமல் அடித்தால் காசு குளத்தில் கரையும். அந்தத் திரவமும் நீர்நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்கு விற்கும் கிளைபோசேட் பலவற்றில் கலந்திருக்கும் சோப்புச் சேர்மானம் மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் ஆகாது. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் ஹைட்ரில்லாவுக்குக் கிளைபோசேட் வீண். டைகுவாட் கேட்கும், ஆனால் கலங்கிய நீரில் சேற்றோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். நம் பக்கத்துக் குளங்களில் மழைக்குப் பிறகு தெளிந்த தண்ணீர் ஏது? ஹைட்ரில்லாவுக்கு நான் சொல்வது மருந்தில்லை, புல் கெண்டை மீன் விடுவது.

உண்மையைச் சொன்னால், சிறு குளத்துக்கு முதல் கருவி வாருகோலும் பழைய வலையும்தான். படகு போனபின் கியாம்பாங் மறுபடி சேர்ந்துகொள்ளும் என்று மலாய்க்காரர்கள் குடும்பச் சண்டையைப் பற்றிச் சொல்வார்கள். களை பிடுங்குபவருக்கு அது சண்டை சச்சரவு இல்லை, நேரடி எச்சரிக்கை. உடைந்த துண்டு ஒன்று விட்டாலும் போதும், சூடும் சத்தும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். ஆகவே மூங்கிலைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு, களையை ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்கிருந்து அள்ளுங்கள். அள்ளியதைக் கரையிலேயே விடாதீர்கள், முதல் மழையில் திரும்பி வந்துவிடும். தொழிற்சாலைக் கால்வாய் ஓரக் குளத்துக் களையை மாட்டுக்கும் போடாதீர்கள், காய்கறிப் பாத்திக்கும் எருவாக்காதீர்கள். வெங்காயத் தாமரை கன உலோகங்களை வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும். களையை அகற்றக் கொசுவும் ஒரு காரணம்: மான்சோனியா கொசுவின் புழு இத்தகைய செடிகளின் வேரைக் குத்தித்தான் மூச்சு வாங்குகிறது. யானைக்கால் நோய் பரப்பும் இனம் அது.

மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் ஒன்றை மனத்தில் வையுங்கள். மருந்தால் செத்த மீனைவிட, செத்த களையால் செத்த மீன் அதிகம். குளம் முழுக்க ஒரே நாளில் அடித்தால், வாடிய செடி அடுத்த வாரம் அழுகும். அழுகல் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். இரவில் உற்பத்தி இல்லை, செலவு மட்டும். விடியற்காலை திலாப்பியா மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பது அதனால்தான். கெலி மீன் வெளிக்காற்றை விழுங்கத் தெரிந்தது, தாக்குப்பிடிக்கும். ஆகையால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியுங்கள். பத்துப் பதினான்கு நாள் பொறுத்து, அழுகியதை அள்ளிவிட்டு, அடுத்த பங்கு. கரையிலிருந்து ஆரம்பித்து ஆழம் நோக்கிப் போங்கள், மீன் ஒதுங்க இடம் இருக்கும். காற்றேற்றி இருந்தால் இரவில் ஓடவிடுங்கள்.

இந்த மாதத்தில் அடிப்பது காலையில்தான். பிற்பகல் மழை இலையிலிருந்து மருந்தைக் கழுவிவிடும். காற்றடித்தால் நிறுத்துங்கள், 2,4-டி-யின் தூவானம் பக்கத்து வீட்டு மிளகாயையும் கத்திரியையும் சுருட்டிவிடும். லேபிளில் நீர்நிலை என்ற சொல் இல்லாத மருந்தைக் குளத்தில் ஊற்றாதீர்கள். மீன் பிடிக்க, நீர் பாய்ச்ச எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். புரியவில்லையென்றால் விவசாய இலாகாவில் கேளுங்கள், மீன் சம்பந்தமென்றால் மீன்வள இலாகாவில்.

பழைய கொட்டகையில் பாராகுவாட் மிச்சம் கிடந்தால் தொடாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்த நம் பெண்களின் நகமும் தோலும் பட்ட பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002-லேயே எழுத்தில் வைத்தது. தடை வந்து, தளர்ந்து, மறுபடி வர அத்தனை வருடம் ஆனது.

கையுறை, பூட்ஸ், நீளக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் அடிக்க அனுப்பாதீர்கள். காலிப் போத்தலை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி அடித்துத் தீர்த்துவிடுங்கள். பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் அதில் எண்ணெய் வாங்கி வைக்காதபடி.