ஆலையில் அடைத்த உறையும் பஞ்சாயத்தின் கடமையும்

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே மலையேறும் தின்பண்டப் பொட்டலங்கள் பலவும் வெற்றுறைகளாகி, ஓடைகளிலும் வயல்களிலும் சேருகின்றன. இவ்வுறைகள் மட்குவதில்லை. மண்ணிற் புதைந்தால் நீர் இறங்குவதைத் தடுக்கும்; கால்நடைகள் தின்றால் வயிற்றில் தங்கிக் கேடு விளைக்கும். இதற்குச் சட்டம் வகுத்துள்ள வழியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை அமுலுக்கு வந்தது. கடைக்காரர் தரும் பை, உணவு கட்டும் தாள், தண்ணீர்ப் பொட்டலம் முதலியன அதில் அடங்கும். ஆனால், உற்பத்திச் சாலையிலேயே சரக்கை அடைத்து ஒட்டப்படும் உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. கடைக்காரர் கொடுத்த பை குற்றமாயிற்று. அதே கடையில் தொங்கிய பொட்டலம் குற்றமாகவில்லை. 2020 ஜூன் 5-ஆம் தேதி உத்தரவு இவ்விலக்கை நீக்கியது. பால், பால்பொருள்கள், எண்ணெய், மருந்து, மருத்துவக் கருவிகள் ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு நீடித்தது.

உத்தரவுக்குப் பின்னும் பொட்டலங்கள் கடைகளில் தொங்குவதைக் காண்கிறோம். உறையை மாற்றும் சக்தி மலையடிவாரத்துச் சிறு கடைக்காரரிடம் இல்லை. அது உற்பத்தியாளரிடமே உள்ளது. ஆகவேதான், தம் உறைக் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 2022 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள் அப்பொறுப்புக்கு ஆண்டு இலக்குகளையும் நிர்ணயித்தன.

எனினும், சேகரித்துப் பிரித்த உறைகளே மறுசுழற்சிக்குச் செல்லும். எருக்குழியிற் கலந்ததும் தீயிட்டதும் எவர் கணக்கிலும் ஏறா. உற்பத்தியாளர் சுமக்க வேண்டிய பாரம் அப்போது நம் நிலத்தின்மீது விழுகிறது. இதனைத் தடுப்பதே நம் கடமை.

1. வெற்றுறைகளை வீட்டிலும் கடையிலும் தனிச் சாக்கில் சேர்த்தல் வேண்டும்.

2. அவற்றைத் திறந்தவெளியில் எரிக்க விடலாகாது. இது 2016 விதிகள் கிராமப் பஞ்சாயத்துக்கு இட்ட கட்டளை.

3. சேர்ந்தவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அனுப்பி, எடையைப் பதிவேட்டில் குறித்தல் நலம்.

4. ஆடியில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவுக்கு வருவோர் உறைகளை இடுவதற்குத் தனிக் கூடைகளை முன்கூட்டியே வைத்தல் வேண்டும்.

5. உள்ளூர்ப் பண்டங்களை வாழையிலையிலும் துணிப்பையிலும் விற்போரை ஆதரிக்க வேண்டும்.

சிறு வியாபாரிக்கு அபராதம் விதிப்பதோடு பஞ்சாயத்தின் வேலை முடிவதில்லை. நிறுத்துக் குறித்த ஒவ்வொரு சாக்கும், உரியவரின் பொறுப்பை உரியவரிடமே சேர்க்கும் சான்றாகும்.