பாஸ் நம்ம ஆளு, கடதாசி எதுக்கு?

நானுஓயாப் பக்கம் வீட்டு வேலை என்றால் பெரும்பாலும் சின்ன வேலைதான். குசினியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுவது, கக்கூசை வீட்டோடு சேர்ப்பது, ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றுவது. காசு கொழும்பில் இருக்கும் மகனிடமிருந்தோ மத்திய கிழக்கில் இருக்கும் மகளிடமிருந்தோ வரும். வேலை சின்னது என்பதாலேயே பாஸை யாரும் சரியாக விசாரிப்பதில்லை.

“நம்ம ஆளுதானே, எழுத்து எதுக்கு?”

அதிகம் காசைத் தின்ற நம்பிக்கை இதுதான். சொந்தக்காரப் பாஸ் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வேலை இழுபடும்போது மாமன் முறை ஆளிடம் கணக்குக் கேட்க நமக்கு வாய் வராது. அதனால் சொந்தக்காரரிடம்தான் எழுத்து இன்னும் அவசியம். ஒரு கொப்பித் தாள் போதும்: என்ன வேலை, எவ்வளவு காசு, சாமான் யாருடையது, எப்போது முடியும், இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. தகராறு வந்தால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குச் செலவழிக்காமல் பேசித் தீர்க்கும் இடம் அது. அங்கே அந்தத் தாள் நமக்காகப் பேசும்.

“சாமானோட மொத்தமா கொடுத்துட்டா தலைவலி இல்ல”

2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட பாஸ் வேலையை முடித்தால் கடனாளி. நிறுத்தினால் வீட்டுக்காரருக்குக் கூரை இல்லை. இதில் யாரையும் கள்ளன் என்று சொல்ல முடியாது. விலை ஏறினால் யார் தாங்குவது என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு பேருமே தப்பியிருப்பார்கள். கூலி மட்டும் பேசுகிறவர்கள், எத்தனை கியூப் மணல், எத்தனை பிளாக் கல் என்று பாஸிடம் முதலிலேயே பட்டியல் வாங்கி, வேறொரு பாஸிடமும் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

“முற்பணம் கூடக் கொடுத்தா வேல சுருக்கா நடக்கும்”

நடப்பது தலைகீழ். வாங்கிய காசு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடும். வடக்கு, கிழக்கில் 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. அதைக்கூட ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, பார்த்துவிட்டுத்தான் பயனாளியின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அரசாங்கமே அப்படிக் கொடுக்கும்போது நமக்கு என்ன வெட்கம்?

“பின்பக்க மேட்ட ரெண்டடி வெட்டினா ஒரு அறை எடுக்கலாம்”

மலைநாட்டில் பாஸை எடைபோட இதைவிட நல்ல இடம் இல்லை. இதைக் கேட்டதும் மண்வெட்டியைத் தூக்குகிறவரை அனுப்பிவிடுங்கள். நல்ல பாஸ் முதலில் மேட்டில் ஏறிப் பார்ப்பார். மேலே கான் எந்தப் பக்கம் ஓடுகிறது, மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, மண்ணில் வெடிப்பு உண்டா, மேலே மரம் சாய்ந்து நிற்கிறதா என்று கேட்பார். மேட்டின் அடியை வெட்டினால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். நனைந்த மண் காய்ந்த மண்ணைவிடப் பாரமும் கூட, பிடிப்பும் குறைவு. வெட்டிய அன்று ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. தண்ணீர் வடிய ஓட்டை விடாமல் கட்டிய தடுப்புச் சுவரும் அடைமழையில் தள்ளிக்கொண்டு வரும். நுவரெலியா மாவட்டத்தில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பிரதேச சபை கேட்பது சும்மா அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தயில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மறந்த தோட்டம் இல்லை. லயத்துக் காம்பராவில் இருப்பவர்கள் ஒரு கல் வைப்பதற்கு முன்பும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்கிற பாஸ், இடிக்கச் சொல்லி ஆள் வரும் அன்று இருக்கமாட்டார்.

“குளிர் ஊருதானே, கொங்கிரீட்டுக்குத் தண்ணி எதுக்கு?”

குளிரில் கொங்கிரீட் இறுகுவது மெதுவாகும். தண்ணீரின் தேவை இல்லாமல் போகாது. ஒரு கிழமையாவது ஈரமாக வைக்க வேண்டும். தை, மாசி உறைபனிக் காலத்தில் சிலாப்புக்குக் கீழே உள்ள முட்டுகளைக் கொழும்புக் கணக்கில் கழற்றக் கூடாது. அடுத்த வேலைக்குப் பலகை தேவை என்று அவசரப்படுகிற பாஸைத் தடுத்து நிறுத்துங்கள்.

“சேட்டிபிக்கெட் எல்லாம் பெரிய கொம்பனிக்குத்தான்”

பாதி சரி. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த கொந்தராத்துக்காரர் ஒரு குசினிக்காக மலையேறி வரமாட்டார். ஆனால் மேசன்மாருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. பள்ளிக்கூடம் முடிக்காதவரும் கை அனுபவத்தைச் சோதனையில் காட்டி அதை எடுக்கலாம். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அவர் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு முன்பு கட்டிய வீட்டுக்குப் போய்ச் சுவர் மூலைகளைப் பாருங்கள். புதிதாகப் பூசிய வீடு எல்லாமே அழகுதான்.

காசின் கடைசிப் பங்கை, நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், கூரை ஒரு நல்ல மழையைக் கண்ட பிறகு கொடுப்பதாக அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பெரிய கட்டடங்களிலும் இப்படிக் கொஞ்சம் பிடித்து வைப்பது வழக்கம்தான். நானுஓயாவில் அந்த மழைக்குப் பாஸ் அதிக நாள் காத்திருக்க வேண்டியும் இராது.