படம் முதலில், ஊசி பிறகு

அன்புள்ள கயல்விழிக்கு,

செல்லிப்பட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து நன்றாக இருந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு மாதமாகத் தலைவலி, இப்போது பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறாய். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் ஜிப்மரில் எம்.ஆர்.ஐ. எழுதியிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறாய். நீ உயிரியல் படிக்கிற பெண், விரிவாகவே சொல்கிறேன்.

மூளையை மூன்று உறைகள் மூடியிருக்கின்றன. உள்ளிருக்கும் இரண்டு மெல்லிய உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி வரும் அந்த நீர் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். மார்பகப் புற்று, நுரையீரல் புற்று போன்றவற்றின் செல்கள் சிலருக்கு இந்த நீரில் இறங்கிவிடும். பெரிய கட்டியாகத் திரளாமல் உறைமேல் மெல்லப் படிவதால் சி.டி.யில் பல நேரம் அகப்படாது. கண்ணை அசைக்கும் நரம்பில் படிந்தால் இரட்டைப் பார்வை. முதுகின் அடியில் படிந்தால் கால் தளரும், சிறுநீர் அடைக்கும். ஆகவே தலையோடு நிறுத்தாமல் முதுகுத்தண்டு முழுவதையும் எம்.ஆர்.ஐ.யில் படமெடுப்பார்கள்.

படமெடுப்பதன் நடுவே கை ரத்தக் குழாயில் கடோலினியம் மருந்து ஏற்றுவார்கள். அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. நோய் கெடுத்த ரத்தக் குழாய்களிலிருந்து மருந்து கசியும் இடம் வெள்ளையாக ஒளிரும். மூளை மடிப்புகளின் பள்ளம் நெடுகக் கோடு ஓடும். சிறுமூளையின் மேல் சர்க்கரை பூசினாற்போலத் தெரியும்.

இதில் வரிசை முக்கியம். அந்த நீரைச் சோதிக்க முதுகில் ஊசி போட்டு எடுப்பார்கள். படத்துக்கு முன்பே அதை எடுத்தால், அதனாலேயே உறை ஒளிரக்கூடும். பிறகு எடுக்கும் படம் குழப்பும். எனவே முடிந்தவரை படம் முதலில், ஊசி பிறகு.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய் மூளையுறையைத் தாக்கினாலும், குறிப்பாக மூளையின் அடிப்பகுதியில், உறை இப்படித்தான் ஒளிரும். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு உதவாது. நீரில் புற்றுச் செல் இருக்கிறதா, காசக் கிருமி இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு. முதல் தடவை எடுக்கும் நீரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் புற்றுச் செல் அகப்படும். மறுபடி எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளக் கூடாது. படம் சுத்தமாக இருந்தாலும் நோயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அத்தையோடு நீ துணைக்குப் போ. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றச் சொல். பழைய படங்களையும் சிகிச்சைச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துப் போ. பழைய நோயை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். புற்றுநோய் வந்து போனவருக்குப் பார்வை இரட்டித்தால் கண்ணாடிக் கடைக்குப் போய் நாளைக் கடத்தக் கூடாது. நேரே புற்றுநோய் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அன்புடன்,
உன் சித்தப்பா