நாடித்துடிப்பும் நியமமும்



நாவலூரில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கணினி நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகளோடு முதியோர் பலர் வசிக்கிறோம். நடைப்பயிற்சிக்கென்று பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் எங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. அது நேரத்தோடு நாடித்துடிப்பையும் காட்டுகிறது. சாமாயிகத்தில் அமர்ந்திருக்கும்போதும் அதையே நோக்கும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று. ஓர் இரவு 104 என்று கண்டு அஞ்சினேன். அஞ்சியபின் பார்த்தால் 118. எண் அச்சத்தை வளர்த்தது. அச்சம் எண்ணை வளர்த்தது. இதனை அறநூல் வழிநின்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கருவியின் இயல்பு

கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி ஒளிர்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியிலுள்ள நுண்குழாய்களில் குருதி பெருகிக் குறைகிறது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு கருவி துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்தாலும், கை அசைந்தாலும், தோல் குளிர்ந்தாலும் கணக்குப் பிழைபடலாம்.

பெரியவர்களுக்கு ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது பொதுவாக இயல்பு. உறக்கத்தில் அது குறையும். படியேறினாலும், காய்ச்சல் வந்தாலும், உபவாச நாளில் உடலில் நீர் குறைந்தாலும், மனம் கலங்கினாலும் உயரும்.

கருவி பயனற்றதன்று. அமெரிக்காவில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019இல் வெளியான ஆய்வில், தாளப் பிறழ்வு எச்சரிக்கை பெற்றுப் பின்னர் மார்பில் ஒட்டும் கருவியால் சோதிக்கப்பட்ட 450 பேரில், 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் தாளப் பிறழ்வு உறுதியாயிற்று. ஆகவே எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்டுதல் கடமை.

ஆயின் 2020இல் அந்நாட்டு மருத்துவ அறிஞர்கள் மற்றொரு செய்தியையும் எழுதினர். இதே தாளப் பிறழ்வுடைய 70 வயதுப் பெண்மணி ஒருவர், ஓராண்டில் தம் கடிகாரத்தால் 916 முறை இதய மின்வரைபடம் எடுத்தார். தெளிவற்ற பதிவுகளை நோய் முற்றியதன் அறிகுறியெனக் கொண்டு 12 முறை மருத்துவ உதவி நாடிச் சென்றார். இறுதியில் அவருக்கு வேண்டியிருந்தது அச்சத்திற்கான மனநலச் சிகிச்சையே.

அச்சத்தின் இயல்பு

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானம் நான்காக வகுக்கப்படுகிறது: வேண்டாதது சேர்தல், வேண்டியது பிரிதல், நோயின் வேதனை, நிதானம் ஆகியவை பற்றி ஓயாது எண்ணி வருந்துதல். வந்த நோயை எண்ணி நைதல் மூன்றாம் வகை. வாராத நோயை எண்ணி நைதலும் அதன் நிழலே. தியானம் என்பது மனம் ஒரு பொருளில் நிலைத்தல். எனவே நாள்தோறும் நூறு முறை கடிகாரத்தை நோக்குபவர் தியானம் செய்யாதவர் அல்லர். ஆர்த்தத் தியானம் செய்பவர்.

அளவு வகுத்தல்

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் போகோபபோக பரிமாண விரதத்தை விளக்குகிறது. ஒரு முறை துய்ப்பது போகம்; மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். இவற்றிற்குக் கால எல்லையோடு அளவு வகுத்தல் நியமம். வாழ்நாள் முழுமைக்கும் வகுத்தல் யமம். ஆடை, அணிகலன்கள் போலக் கடிகாரமும் உபபோகமே. அதனைக் காண்பதற்கும் அளவு வகுக்கலாம் அன்றோ?

நான் ஒரு திங்களுக்கு ஏற்ற நியமம் இது: காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் ஒரு முறை, மாலை நடைக்குப் பின் ஒரு முறை பார்த்தல், சாமாயிகத்தின் 48 நிமிடமும் இரவு முழுதும் கழற்றி வைத்தல். முதல் வாரம் கை தானாகவே மணிக்கட்டைத் தேடியது. அப்போதெல்லாம் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒரு முறை சொல்லிக்கொண்டேன். திங்கள் நிறைந்தபோது உறக்கம் திரும்பியிருந்தது. நியமத்தை மேலும் நீட்டித்துக்கொண்டேன்.

மருத்துவர் கண்காணிக்கச் சொல்லியிருந்தால் அவர் சொல்லே அளவு. மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் தோன்றினால் எந்த எண்ணையும் பாராது உடனே 108ஐ அழைக்க வேண்டும். உடலைப் பேணுதல் அறத்திற்குத் துணை; உடலையே எண்ணிக் கலங்குதல் அறத்திற்குத் தடை.

சிந்தனைக்கு

1. நேற்று எத்தனை முறை கடிகாரத்தை நோக்கினீர்கள்? அவற்றுள் தேவை கருதியவை எத்தனை?
2. நியமம், யமம் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் இல்லத்தில் அளவு வகுக்க வேண்டிய வேறு உபபோகப் பொருள்கள் யாவை? குடும்பத்தாருடன் கலந்து ஒன்றிற்கேனும் நியமம் ஏற்பீர்களாக.